நுரையீரல் புற்றுநோய்: வலிக்காமல் வளரும் நோய்

உலகில் புற்றுநோயால் இறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைக் கொண்டுபோவது நுரையீரல் புற்றுநோய். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் 18 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். இந்தியாவில் அந்த ஆண்டின் புதிய நோயாளிகள் 80 ஆயிரத்துக்குச் சற்று மேல்; இறந்தவர்கள் 75 ஆயிரம் அளவில். இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பது, நோயாளிகளில் மிகப் பலர் காலம் கடந்த பிறகே மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

இத்தனைக்கும் இந்நோயின் முதன்மைக் காரணம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த ஒன்று. தொடக்க நிலையில் கண்டுபிடித்தால் குணப்படுத்த முடியும் என்பதும் தெரிந்ததே. காரணம் தெரிந்தும் தடுக்காமல் விடுவதும், அறிகுறி தெரிந்தும் நாள் கடத்துவதுமே இவ்வளவு உயிர்களை இழக்க வைக்கின்றன.

நுரையீரலின் அமைப்பும் நோயின் தொடக்கமும்

வலப்பக்க நுரையீரல் மூன்று மடல்களாகவும் இடப்பக்க நுரையீரல் இரண்டு மடல்களாகவும் அமைந்துள்ளன. மூச்சுக்குழல் கிளை கிளையாகப் பிரிந்து, கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகளில் போய் முடிகிறது. உள்ளே வரும் காற்றில் கலந்த நச்சுகள் முதலில் தொடுவது இந்தக் குழல்களின் உட்பரப்புச் செல்களைத்தான். அந்தச் செல்களின் மரபுப் பொருளான டி.என்.ஏ.வில் சேதம் சேர்ந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் ஏதோ ஒரு செல் கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்குவதே புற்றுநோய்.

நுரையீரல் திசுவில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. அன்றாட வேலைகளுக்குத் தேவையானதைவிட அதிகமான கொள்ளளவும் அதற்கு உண்டு. ஆகவே ஒரு கட்டி சில சென்டிமீட்டர் வளரும்வரைகூட எந்தத் தொந்தரவும் தெரியாமல் போகலாம். கட்டி மூச்சுக்குழலை அடைக்கும்போதோ, நெஞ்சுச் சுவரைத் தொடும்போதோ, வேறு உறுப்புக்குப் பரவும்போதோதான் உடல் அதை உணர்த்துகிறது.

சிகரெட்டின் மீது குற்றம் உறுதியான கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது மிக அரிய நோய். 1912இல் இதைப் பற்றி நூல் எழுதிய நியூயார்க் மருத்துவர் ஐசக் ஆட்லர், உலகின் மிக அரிய நோய்களில் ஒன்றைப் பற்றி எழுத வேண்டியதுதானா என்று தயங்கினார். அதற்குச் சில பத்தாண்டுகள் முன்புதான் சிகரெட் சுற்றும் இயந்திரம் வந்திருந்தது. முதல் உலகப் போரில் வீரர்களுக்குச் சிகரெட் தாராளமாக வழங்கப்பட்டது. அந்தத் தலைமுறை நடுவயதை எட்டியபோது, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆண்களிடையே நுரையீரல் புற்றுநோய் மளமளவென்று ஏறியது.

காரணம் என்ன என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. பெருகிவரும் மோட்டார் வாகனப் புகையும் சாலைகளில் போடும் தாரும்தான் காரணம் என்று பலர் எண்ணினார்கள். 1950இல் இரண்டு ஆய்வுகள் அந்த விவாதத்தை முடித்துவைக்கத் தொடங்கின. லண்டன் மருத்துவமனைகளின் நோயாளிகளை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் விசாரித்தார்கள். அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வைண்டரும் எவார்ட்ஸ் கிரஹாமும் அதேபோன்ற ஆய்வைச் செய்தார்கள். இரு தரப்பும் கண்டது ஒன்றே: நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நெடுங்காலம் சிகரெட் பிடித்தவர்கள்.

இவர்களில் கிரஹாம் அறுவை மருத்துவர். 1933இல் புற்றுநோய் வந்த ஒரு நுரையீரலை ஒரே அறுவையில் முழுவதுமாக அகற்றி நோயாளியைப் பிழைக்க வைத்தவர் அவர். அவரே நெடுங்காலம் சிகரெட் பிடித்தவர். சிகரெட்தான் காரணம் என்பதைத் தொடக்கத்தில் நம்ப மறுத்தவர். ஆய்வின் முடிவைக் கண்ட பின் அப்பழக்கத்தை விட்டார். ஆயினும் 1957இல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார். அவர் 1933இல் அறுவை செய்த நோயாளியும் ஒரு மருத்துவர்தான். அவர் ஒற்றை நுரையீரலுடன் 1963 வரை வாழ்ந்தார்.

டாலும் ஹில்லும் 1951இல் பிரிட்டன் மருத்துவர்களையே பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டுகள் நீண்ட அந்த ஆய்வின் முடிவு 2004இல் வெளியானது. தொடர்ந்து சிகரெட் பிடித்தவர்கள், பிடிக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அலுவலர் லூதர் டெர்ரி 1964 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, இந்த உண்மை அரசுகளின் கொள்கைகளிலும் இடம்பெறத் தொடங்கியது.

புகை உடலுக்குள் செய்வது என்ன?

புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் குறைந்தது 70 புற்றுநோயை உண்டாக்குபவை. பென்சோபைரீன் அவற்றில் நன்கு ஆராயப்பட்ட ஒன்று. இது உடலுக்குள் மாற்றம் அடைந்து டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்கிறது. செல்களின் கட்டற்ற பெருக்கத்தைத் தடுக்கும் பி53 என்ற மரபணுவில் அது ஒட்டும் இடங்களும், நுரையீரல் புற்றுநோயில் அந்த மரபணு கெட்டுப்போயிருக்கும் இடங்களும் ஒன்றாகவே இருப்பதை 1996இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இந்தச் சேதம் ஒரு நாளில் புற்றுநோய் ஆவதில்லை. பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுகள் எடுக்கும். இளம் வயதில் புகைப்பவருக்கு எந்தக் கெடுதலும் கண்ணில் படாமல் போவதற்கு இதுவே காரணம். நெடுநாள் புகைப்பவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவருக்கு இருப்பதைப்போல் 15 முதல் 30 மடங்கு. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதைவிட எத்தனை ஆண்டு பிடித்தார் என்பதே ஆபத்தை அதிகமாக நிர்ணயிக்கிறது. 'நான் ஒன்றிரண்டுதான் பிடிக்கிறேன்' என்று ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை.

வடிகட்டி வைத்த சிகரெட், 'லைட்' சிகரெட் என்று வந்தவையும் பாதுகாப்பு தரவில்லை. அவற்றைப் பிடிப்பவர்கள் புகையை இன்னும் ஆழமாக இழுக்கிறார்கள். பீடியும் அப்படியே. அதில் புகையிலை குறைவுதான். ஆனால் சுற்றியிருக்கும் இலையின் ஊடே காற்று எளிதில் புகாது, நெருப்பும் அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க வேண்டுமானால் அடுத்தடுத்து, ஆழமாக இழுக்க வேண்டும். ஆகவே தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டில் கிடைப்பதற்குக் குறையாமல், பெரும்பாலும் அதற்கு மேலாகவே நுரையீரலில் சேர்கின்றன. பீடி என்பது இலையும் தூளும்தானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்ற எண்ணம் உழைக்கும் மக்களிடையே இன்றும் இருக்கிறது. அது தவறு.

புகைக்காதவர்களுக்கும் ஏன் வருகிறது?

நுரையீரல் புற்றுநோய் வருபவர்களில் கணிசமானோர் வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் தொடாதவர்கள். ஆசிய நாடுகளில், அதிலும் பெண்களிடையே, இவர்களின் பங்கு கூடுதல். இதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, பிறர் விடும் புகை. சிகரெட் பிடிக்கும் கணவர்களின் மனைவியருக்கு இந்நோய் அதிகம் வருவதை 1981இல் ஜப்பானின் தகேஷி ஹிராயாமா காட்டினார். வீட்டிலோ வேலையிடத்திலோ பிறர் விடும் புகையை நாள்தோறும் சுவாசிப்பவருக்கு ஆபத்து 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது.

இரண்டாவது, மாசடைந்த காற்று. டீசல் புகையை 2012இலும், வெளிக்காற்று மாசை 2013இலும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது. வயது ஏறும்போது சிலரின் நுரையீரல் செல்களில் மரபணுப் பிழைகள் தானாகவே தோன்றிச் செயலற்றுக் கிடக்கின்றன. காற்றில் உள்ள நுண்துகள்கள் அழற்சியைத் தூண்டி அந்தச் செல்களை எழுப்பிவிடுகின்றன என்று லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவன ஆய்வாளர்கள் 2023இல் விளக்கினார்கள்.

மூன்றாவது, அடுப்புப் புகை. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்ற பகுதியில், புகைபிடிக்காத பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் மிக அதிகமாக இருந்தது. புகைபோக்கி இல்லாத அடுப்பில் கரும்புகை கக்கும் ஒருவகை நிலக்கரியை எரித்ததே காரணம் என்று தெரியவந்தது. புகைபோக்கி வைத்த பிறகு நோய் குறைந்தது. விறகும் வறட்டியும் எரிக்கும் காற்றோட்டமில்லாத சமையலறையும் ஆபத்து உள்ளதே.

நான்காவது, தொழிலும் சூழலும். ஆஸ்பெஸ்டாஸ் இழை, சிலிக்கா தூசு, ஆர்சனிக் போன்றவை காரணிகள் என்று உறுதியாகியுள்ளன. ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் துளையிடும்போதும் இழைகள் காற்றில் பறக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்பவர் புகையும் பிடித்தால், இரண்டு ஆபத்துகளும் சேர்ந்து பல மடங்காகின்றன. நிலத்தடியிலிருந்து கசியும் ராடான் என்ற கதிரியக்க வாயு அமெரிக்காவில் புகைக்கு அடுத்த இரண்டாவது பெரிய காரணம். ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களைப் பலி வாங்கிவந்த நோய் நுரையீரல் புற்றுதான் என்று 1879இலேயே கண்டறியப்பட்டது. அதன் பின்னணியில் இருந்தது ராடான் என்பது பின்னாளில் தெரிந்தது.

குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் வந்திருப்பது, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், பழைய காசநோய்த் தழும்பு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. வைட்டமின் மாத்திரைகள் காக்கும் என்று நம்பிப் புகைப்பதைத் தொடர்வது வீண். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துச் சோதித்த ஆய்வு 1994இல் வெளியானது. மாத்திரை உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது.

வகைகள்

நுண்ணோக்கியில் செல்கள் தோன்றும் விதத்தைக் கொண்டு இந்நோயை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். சிறுசெல் புற்று ஏறத்தாழ 15 சதவீதம். இது பெரும்பாலும் புகைப்பவர்களுக்கே வருகிறது. வேகமாகப் பெருகி விரைவில் பரவுகிறது. மீதமுள்ள 85 சதவீதம் சிறுசெல் அல்லாத வகை. அதில் அடினோகார்சினோமா என்ற சுரப்பித்திசுப் புற்றும், ஸ்குவாமஸ் என்ற செதில்செல் புற்றும் முக்கியமானவை. இன்று அதிகம் காணப்படுவது அடினோகார்சினோமா. புகைக்காதவர்களுக்கு வருவதும் பெரும்பாலும் இதுவே. மருந்தைத் தீர்மானிப்பது வகையும், அதற்குள் உள்ள மரபணு மாற்றமும் என்பதால், 'கட்டி இருக்கிறது' என்று அறிவதோடு பரிசோதனை முடிந்துவிடுவதில்லை.

அறிகுறிகளும் காசநோய்க் குழப்பமும்

மூன்று வாரங்களுக்கு மேல் விடாத இருமல் முதல் எச்சரிக்கை. நெடுநாளாகப் புகைப்பவருக்கு இருமல் பழகிப்போன ஒன்றாக இருக்கும். அந்த இருமலின் தன்மை மாறினால் அதுவும் எச்சரிக்கையே. சளியில் இரத்தம், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, குரல் கம்மல், காரணமில்லாத எடைக் குறைவு, பசியின்மை, அடிக்கடி வரும் நிமோனியா ஆகியவை மற்ற அறிகுறிகள். விரல் நுனிகள் உருண்டு தடித்துப்போவதும் உண்டு. நுரையீரலின் உச்சியில் வளரும் கட்டி தோள்வலியாகவும் கைவலியாகவும் தெரியும். மூளைக்குப் பரவினால் தலைவலி, வலிப்பு; எலும்புக்குப் பரவினால் முதுகுவலி.

இந்தியாவில் இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இருமல், சளியில் இரத்தம், காய்ச்சல், எடைக் குறைவு எல்லாமே காசநோய்க்கும் பொருந்தும். எக்ஸ்ரேயில் தெரியும் நிழலும் இரண்டிலும் ஒன்றுபோலவே தோன்றலாம். காசநோய் பரவலாக உள்ள நாட்டில் மருத்துவர் முதலில் அதையே சந்தேகிப்பது இயல்பு. ஆனால் சளியில் கிருமி இருப்பதை உறுதிசெய்யாமலே காசநோய் மாத்திரை தொடங்கிப் பல மாதங்கள் வீணான பிறகு புற்றுநோய் என்று தெரியவருவோர் பலர். அந்த மாதங்களில் அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பே கைநழுவிப் போகலாம். சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகவில்லை என்றாலோ, மருந்து தொடங்கிச் சில வாரங்களில் முன்னேற்றம் இல்லை என்றாலோ, சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை.

கண்டறியும் முறை

எக்ஸ்ரேயில் சந்தேகம் எழுந்தால் அடுத்தது சி.டி. ஸ்கேன். அதன்பின் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் செய்யும் பயாப்ஸி பரிசோதனையே நோயை உறுதிசெய்யும். கட்டி மூச்சுக்குழல் அருகில் இருந்தால் பிராங்கோஸ்கோபி என்ற உள்நோக்குக் கருவி மூலமும், ஓரத்தில் இருந்தால் ஸ்கேன் பார்த்தபடியே ஊசி செலுத்தியும் திசு எடுக்கிறார்கள். ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்ற அச்சத்தில் பலர் பயாப்ஸிக்கு மறுக்கிறார்கள். அப்படிப் பரவுவது மிக மிக அரிது. பயாப்ஸி இல்லாமல் சரியான சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை.

நோய் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதை பெட் ஸ்கேனும் மூளையின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் காட்டும். அதைக் கொண்டு ஒன்று முதல் நான்கு வரை நிலை குறிக்கப்படுகிறது. அமெரிக்கப் பதிவுகளின்படி, நுரையீரலுக்குள் மட்டும் இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டு கடந்து வாழ்கிறார்கள். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு கண்டறியப்பட்டால் அது 10 சதவீதத்துக்கும் கீழ். இந்தியாவிலோ நோயாளிகளில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் கண்டறியப்படுகிறார்கள்.

அறிகுறி வருமுன்னரே கண்டறிய முடியுமா? முடியும் என்று 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியது. நெடுங்காலம் அதிகமாகப் புகைத்த 53 ஆயிரம் பேருக்கு மேல் அதில் பங்கேற்றார்கள். ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் இறப்பு, எக்ஸ்ரே மட்டும் எடுத்தவர்களைவிட 20 சதவீதம் குறைந்தது. நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் நடந்த ஆய்வும் 2020இல் இதை உறுதிசெய்தது. அமெரிக்காவில் இன்று 50 முதல் 80 வயதுக்குட்பட்ட, தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டுகளோ அதற்கு ஈடாகவோ புகைத்தவர்களுக்கு இந்த ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது. பழக்கத்தை விட்டவராயின், விட்டு 15 ஆண்டுகள் ஆகாதிருக்க வேண்டும். இந்தியாவில் பழைய காசநோய்த் தழும்புகள் பலரின் நுரையீரலில் இருப்பதால், புற்று அல்லாதவையும் புற்றுபோலத் தெரிந்து வீண் அச்சத்தையும் தேவையற்ற சோதனைகளையும் உண்டாக்கும். ஆகவே யார் எடுக்க வேண்டும் என்பதை மருத்துவரோடு பேசியே முடிவு செய்வது நல்லது. சாதாரண எக்ஸ்ரேயை ஆண்டுதோறும் எடுப்பது உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்த உண்மை.

சிகிச்சை: அறுவை, கதிர்வீச்சு, கீமோ

முதல் இரண்டு நிலைகளிலும் மூன்றாம் நிலையின் ஒரு பகுதியிலும் அறுவை சிகிச்சையே குணப்படுத்தும் வழி. கட்டி உள்ள மடலையும் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் அகற்றுவது வழக்கமான முறை. கிரஹாம் காலத்தில் முழு நுரையீரலையும் எடுத்தார்கள். இன்று கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து ஓரத்தில் அமைந்திருந்தால், மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தாலே போதும் என்பதை 2022இல் ஜப்பானிய ஆய்வு காட்டியது. நெஞ்சைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகள் வழியே கேமரா கொண்டு செய்யும் அறுவையால் வலியும் மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைந்துள்ளன. மீதமிருக்கும் நுரையீரல் தாங்குமா என்பதை மூச்சுத்திறன் சோதனை செய்த பிறகே அறுவை முடிவாகும்.

இதயக் கோளாறோ நுரையீரல் பலவீனமோ உள்ளவர்களுக்கு, தொடக்க நிலைக் கட்டியின் மீது துல்லியமாகக் குவித்து அதிக அளவு கதிர்வீச்சை ஒருசில அமர்வுகளிலேயே செலுத்தும் சிகிச்சை உள்ளது.

மூன்றாம் நிலையில் அறுவைக்கு வழியில்லாதபோது கீமோதெரபியும் கதிர்வீச்சும் சேர்த்துத் தரப்படுகின்றன. அதன்பின் ஓராண்டு துர்வாலுமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தும் உயிருடன் இருந்தார்கள். பெறாதவர்களில் அது 33 சதவீதம்.

கீமோ என்றாலே அஞ்சுவோர் பலர். சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் போன்ற மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குவதால் முடி உதிர்தல், வாந்தி, இரத்த அணுக் குறைவு வருவது உண்மை. ஆனால் வாந்தியைத் தடுக்கும் இன்றைய மருந்துகள் மிகச் சிறந்தவை. சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெள்ளணு குறைந்த உடலில் சிறு தொற்றும் உயிருக்கு ஆபத்தாகும்.

சிறுசெல் புற்றுக்கு அறுவை பயன்படுவது அபூர்வம். கீமோவும் கதிர்வீச்சுமே முதன்மைச் சிகிச்சைகள். தொடக்கத்தில் கட்டி வேகமாகச் சுருங்கும். ஆனால் பெரும்பாலும் திரும்பி வரும். அண்மைக் காலத்தில் எதிர்ப்பாற்றல் மருந்துகளைச் சேர்ப்பதால் சிலரின் ஆயுள் நீள்கிறது.

மரபணுவைப் பார்த்துத் தரும் மாத்திரை

இருபது ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சையில் நேர்ந்த மிகப் பெரிய மாற்றம் இது. 2003 வாக்கில் ஜெஃபிட்டினிப் என்ற மாத்திரை வந்தபோது, அது பத்தில் ஒருவருக்கு வியக்கத்தக்க பலன் தந்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. பலன் பெற்றவர்களில் பெண்கள், புகைக்காதவர்கள், ஆசியர்கள் அதிகம் இருந்தார்கள். அவர்களின் கட்டிகளில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாறியிருப்பதே காரணம் என்று 2004இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த மாற்றம்தான் கட்டியைத் தொடர்ந்து வளரத் தூண்டுகிறது; மாத்திரை அந்தத் தூண்டுதலை நிறுத்துகிறது.

இந்தியாவில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இந்த மாற்றம் காணப்படுகிறது. 2007இல் ஜப்பானில் ஏ.எல்.கே. என்ற மற்றொரு மாற்றம் கண்டறியப்பட்டது. அதற்கான புதிய மாத்திரையான லோர்லாட்டினிப் பெற்றவர்களில் 60 சதவீதம் பேருக்கு ஐந்தாண்டு வரை நோய் முற்றவில்லை என்று 2024இல் வெளியான முடிவு சொல்கிறது. நான்காம் நிலை என்றால் சில மாதங்களே என்று சொல்லிவந்த ஒரு நோயில் இது பெரும் முன்னேற்றம். நெடுங்காலம் மருந்துக்கு வசப்படாத கே.ராஸ் மரபணுவின் ஒரு வகை மாற்றத்துக்கும் 2021இல் முதல் மருந்து வந்தது.

இந்த மாத்திரைகளுக்கும் பக்கவிளைவு உண்டு: தோலில் பரு, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண். காலப்போக்கில் புற்றுச் செல்கள் மருந்தை மீறும் வழியைக் கண்டுகொள்வதும் உண்டு. அப்போது மீண்டும் பயாப்ஸியோ, இரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைத் தேடும் பரிசோதனையோ செய்து அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மரபணுச் சோதனை செய்யாமல் கீமோ தொடங்குவது, எளிய மாத்திரையால் பலன் பெறக்கூடிய ஒருவருக்கு அந்த வாய்ப்பை மறுப்பதாக முடியலாம்.

எதிர்ப்பாற்றலை விடுவிக்கும் சிகிச்சை

உடலின் டி செல்கள் புற்றுச் செல்லை அடையாளம் கண்டு அழிக்கக்கூடியவை. புற்றுச் செல்கள் பி.டி.-1 என்ற தடுப்பானை அழுத்தி அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. அந்தத் தடையை நீக்கும் வழிகளைக் கண்ட ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்த வகையைச் சேர்ந்தவை பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற ஊசி மருந்துகள். பி.டி.-எல்1 என்ற புரதம் அதிகமாக உள்ள முற்றிய நோயாளிகளில், பெம்புரோலிசுமாப் கொண்டு தொடங்கியவர்களில் ஏறத்தாழ 32 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தார்கள். கீமோவில் தொடங்கியவர்களில் 16 சதவீதம். எதிர்ப்பாற்றல் அளவு மீறித் தூண்டப்பட்டால் தைராய்டு, குடல், கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றில் அழற்சி வரலாம். மருந்து முடிந்து மாதங்கள் கழித்தும் அது தோன்றக்கூடும் என்பதை நோயாளியும் குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

வலி தணிப்புச் சிகிச்சை கடைசி நாளுக்கு மட்டுமல்ல

வலியையும் மூச்சுத்திணறலையும் மனச்சோர்வையும் தணிக்கும் சிகிச்சையை, 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்ற கட்டத்தில் தருவதாகவே பலர் நினைக்கிறார்கள். பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு இதை மாற்றியது. முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பிரிவினருக்கு, நோய் கண்டறிந்தது முதலே வழக்கமான சிகிச்சையோடு வலி தணிப்புச் சிகிச்சையும் தரப்பட்டது. அவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, மனச்சோர்வு குறைந்தது. அவர்களில் பாதிப் பேர் 11.6 மாதங்கள் கடந்து வாழ்ந்தார்கள். மற்றப் பிரிவில் அது 8.9 மாதங்கள்.

மார்ஃபின் மாத்திரை அடிமையாக்கும், உயிரைக் குறைக்கும் என்ற அச்சத்தால் வலியோடு கிடப்போர் ஏராளம். மருத்துவர் சொல்லும் அளவில் எடுக்கும்போது அது வலியையும் மூச்சுத்திணறலையும் பாதுகாப்பாகத் தணிக்கும். இந்தியாவில் 2014இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், அதுவரை இருந்த பல உரிமத் தடைகளைத் தளர்த்தி, நோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கியது.

நோயாளியும் குடும்பமும்

இந்தியாவில் இந்நோய் மேலை நாடுகளைவிடப் பத்தாண்டுகள் அளவுக்கு முன்னதாகவே வருகிறது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும், கடன் முடியாத வயதில் குடும்பத்தின் வருமானம் நின்றுபோகிறது. மருத்துவமனைக்குத் துணையாக வரும் இன்னொருவரின் கூலியும் போகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஜெஃபிட்டினிப் போன்ற பழைய மாத்திரைகளை இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் தயாரிக்கின்றன. புதிய மாத்திரையான ஆசிமெர்ட்டினிப், எதிர்ப்பாற்றல் மருந்தான துர்வாலுமாப் ஆகியவற்றுக்கான இறக்குமதி வரி 2024 மத்திய பட்ஜெட்டில் நீக்கப்பட்டது. இருந்தும் புதிய மருந்துகளின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது.

பணத்துக்கு அடுத்த சுமை பழிச்சொல். மார்பகப் புற்றுநோய் வந்தவரிடம் மக்கள் முதலில் நலம் கேட்கிறார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்தவரிடம் 'சிகரெட் பிடிப்பாயா?' என்று கேட்கிறார்கள். புகைத்தவர் தானே வரவழைத்துக்கொண்டதாகக் குற்ற உணர்வில் புழுங்குகிறார். புகைக்காதவரோ தன் மீது விழும் சந்தேகத்துக்கு விளக்கம் சொல்லியே சலிக்கிறார். இந்த வெட்கத்தால் அறிகுறிகளை மறைத்து, மருத்துவரிடம் போகத் தாமதிப்பவர்கள் உண்டு. நிகோடின் மூளையை அடிமையாக்கும் பொருள். பெரும்பாலோர் பதின்பருவத்தில், அதன் பிடி தெரியாத வயதில் தொடங்கியவர்கள். நோயாளியைப் பழிப்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

நோயை நோயாளியிடமிருந்து மறைப்பது நம் குடும்பங்களில் வழக்கம். அன்பினால் செய்வதுதான், ஆனால் தனக்கு என்ன என்று தெரியாதவரால் சிகிச்சையைப் பற்றியோ தன் கடமைகளைப் பற்றியோ முடிவெடுக்க முடியாது. அவர் அறிய விரும்பும் அளவுக்கு, மருத்துவர் துணையோடு, மெல்ல உண்மையைச் சொல்வது அவருக்குத் தரும் மரியாதை. இரவும் பகலும் உடனிருந்து பார்த்துக்கொள்பவரின் தூக்கமும் உடல்நலமும்கூடக் கவனிக்கப்பட வேண்டியவை.

தடுப்பதும் விடுவதும்

இந்தியாவில் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003இல் வந்தது. பொது இடங்களில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக்கப்பட்டது. பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் படத்துடன் எச்சரிக்கை 2016 முதல் கட்டாயமானது. மின்சிகரெட் 2019இல் தடைசெய்யப்பட்டது. 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள், புகைத்தவர்கள் 10.7 சதவீதம். திருநெல்வேலி, தென்காசி, வேலூர் வட்டாரங்களில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களுக்கு மாற்று வேலை கிடைக்கச் செய்வதும் இந்தக் கட்டுப்பாட்டின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

எந்த வயதில் விட்டாலும் பலன் உண்டு என்பதை டாலின் ஐம்பதாண்டு ஆய்வு அளந்து சொன்னது. 60 வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ 3 ஆண்டு ஆயுளை மீட்டார்கள். 50இல் விட்டவர்கள் 6 ஆண்டு. 40இல் விட்டவர்கள் 9 ஆண்டு. 30இல் விட்டவர்கள் இழக்கவிருந்த 10 ஆண்டுகளையும் ஏறக்குறைய முழுவதுமாகவே மீட்டார்கள். விட்டுப் பத்தாண்டு ஆனவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் பாதி அளவுக்கு இறங்குகிறது.

விடும்போது எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், கடும் ஏக்கம் வரும். முதல் சில நாள்கள்தான் மிகக் கடினம். மூன்று நான்கு வாரங்களில் பெரிதும் தணிந்துவிடும். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, மருத்துவர் எழுதித் தரும் புப்ரோபியான், வரெனிக்லின் மாத்திரைகள் ஆகியவை வெற்றி வாய்ப்பைக் கூட்டுகின்றன. அவற்றோடு ஆலோசனையும் சேர்ந்தால் பலன் இன்னும் கூடும். பெரும்பாலோர் ஒரே முயற்சியில் விடுவதில்லை; திரும்பத் தொடங்கியவர் மீண்டும் முயல்வதில் வெட்கப்பட ஏதும் இல்லை. புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசி ஆலோசனை 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் கிடைக்கிறது. புற்றுநோய் வந்த பிறகு விடுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் மருத்துவத்தின் விடை தெளிவானது: நோய் கண்டறிந்த பின் விட்டவர்களும், விடாதவர்களைவிட நெடுநாள் வாழ்கிறார்கள், அறுவையின் காயம் நன்றாக ஆறுகிறது, சிகிச்சையை உடல் நன்றாகத் தாங்குகிறது.